அட்வெந்து நாட்களும் அடுத்த வீடும்: உங்கள் ஊரில் எப்படி நடக்கிறது?

பாளை சேகரகுரு
டிசம்பர் 8, திங்கள், இரவு 9.10

அனைவருக்கும் ஸ்தோத்திரம்.

நேற்று அட்வெந்து, அதாவது கிறிஸ்துமஸுக்கு முன் ஆண்டவர் வருகைக்கு ஆயத்தப்படும் நாட்களின், இரண்டாம் ஞாயிறு. யோவான் ஸ்நானன் பகுதியை எடுத்துப் பிரசங்கம் செய்தேன். ஆற்றங்கரையில் கூடிய ஜனங்கள் அவரிடம், அப்படியானால் நாங்கள் என்ன செய்ய வேண்டும் என்று கேட்கிறார்கள். உபவாசம் இருங்கள் என்றோ, எருசலேமுக்குக் காணிக்கை கொண்டு போங்கள் என்றோ அவர் சொல்லவில்லை. இரண்டு அங்கி வைத்திருப்பவன் இல்லாதவனுக்கு ஒன்றைக் கொடுக்கட்டும், சாப்பாடு இருப்பவனும் அப்படியே செய்யட்டும் என்கிறார். வரி வசூலிக்கிறவன் கூடுதலாக வாங்கக் கூடாது. போர்ச்சேவகன் யாரையும் மிரட்டக் கூடாது, சம்பளத்தோடு திருப்தியாக இருக்க வேண்டும். ஆண்டவருக்கு வழியை ஆயத்தம் பண்ணுங்கள் என்று வனாந்தரத்தில் முழங்கியவர் கேட்டதெல்லாம் இவ்வளவுதான். எல்லாமே பக்கத்தில் இருக்கிற மனுஷனைப் பற்றியது.

நம் திருநெல்வேலி சபைகளில் பெரியவர்கள் பயன்படுத்திய பழைய ஜெபப் புத்தகம் சில வீடுகளில் இன்னும் இருக்கும். அட்வெந்து முதல் ஞாயிறு நிருப வாசகம், அதாவது அப்போஸ்தலர் கடிதங்களிலிருந்து வாசிக்கும் பகுதி, என்ன என்று எடுத்துப் பாருங்கள். ரோமர் 13ஆம் அதிகாரம், 8ஆம் வசனம் முதல். ஒருவரிடத்தில் ஒருவர் அன்புகூருகிற கடனைத் தவிர வேறு எந்தக் கடனும் யாருக்கும் படாதிருங்கள் என்றுதான் அது ஆரம்பிக்கிறது. இரவு சென்றுபோயிற்று, பகல் சமீபமாயிற்று என்கிற, நாம் எல்லாரும் மனப்பாடமாகச் சொல்லும் பகுதி அதற்குப் பிறகுதான் வருகிறது. அதாவது, ஆண்டவர் வரப்போகிறார் என்று சொல்வதற்கு முன்பே, பிறனுக்கு நீ கடன்பட்டவன் என்று சொல்லிவிடுகிறார் பவுல்.

இதை நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. தர்மம் கொடுக்கும்போது கொடுப்பவன் மேலே இருக்கிறான், வாங்குகிறவன் கும்பிடு போட வேண்டியிருக்கிறது. கடன் அப்படியில்லை. கடனைத் திருப்பிக் கொடுக்கிறவனுக்கு யாரும் நன்றி சொல்ல வேண்டாம், போட்டோ எடுக்க வேண்டாம், பேனர் வைக்க வேண்டாம். டிசம்பர் வந்தால் நாம் கொடுக்கிற சேலையிலும் அரிசிப் பையிலும் சபையின் பெயர் இவ்வளவு பெரிதாக எதற்கு அச்சாகிறது என்று யோசித்துப் பார்க்கச் சொல்கிறேன்.

2023 டிசம்பர் 17 அட்வெந்து மூன்றாம் ஞாயிறு. அன்று பிடித்த மழையை நம் பக்கத்தில் யாரும் மறக்க மாட்டார்கள். மறுநாள் காலை கணக்கெடுத்தபோது காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 சென்டிமீட்டர். தாமிரபரணி வண்ணாரப்பேட்டைக்குள்ளும் சிந்துபூந்துறைக்குள்ளும் ஏறி வந்தது, ஜங்ஷன் பஸ் ஸ்டாண்ட் குளமானது. அந்த வாரம் நான் போன ஒரு தெருவில், காம்பவுண்டு சுவர் தகராறில் பேச்சுவார்த்தை இல்லாத இரண்டு வீடுகள். ஒன்றில் மாடி உண்டு, மற்றதில் இல்லை. தண்ணீர் முழங்காலுக்கு வந்ததும் மாடி வீட்டம்மாவே இறங்கி வந்து அடுத்த வீட்டுப் பெரியவரைக் கையைப் பிடித்து ஏற்றியிருக்கிறார். கரண்ட் இல்லை, பிரிட்ஜில் இருந்த மாவு புளித்துவிடும் என்று இரண்டு வீட்டு மாவையும் ஒன்றாகக் கலந்து, எல்லாருக்கும் தோசை ஊற்றிக்கொண்டிருந்தார்கள். நான் போனபோது எனக்கும் இரண்டு கிடைத்தது. நல்ல புளிப்பு. பெரியவருடைய சுகர் மாத்திரை நனையாமல் எவர்சில்வர் தூக்குவாளியில் இருந்தது. அதை எடுத்து வைத்தது அடுத்த வீட்டுப் பையன்.

தண்ணீர் வடிந்த பிறகு சுவர் பிரச்சினை தீர்ந்துவிட்டதா என்றால், இல்லை. அளவெடுக்க சர்வேயர் வந்தார். ஆனால் இப்போது இரண்டு வீட்டாரும் நேரே பேசிக்கொள்கிறார்கள், வக்கீல் மூலமாக அல்ல.

வெள்ளம் வந்தால் நாம் நன்றாகத்தான் இருக்கிறோம். வெள்ளம் வராத டிசம்பரில் என்ன செய்கிறோம் என்பதே என் கேள்வி. ஸ்டார் கட்டுகிறோம், வீடு வீடாகப் பாடிக்கொண்டு கேரல் பவனி போகிறோம், குடில் வைக்கிறோம், கேக் வெட்டுகிறோம். இதெல்லாம் வேண்டாம் என்று சொல்ல மாட்டேன், எனக்கும் பிரியம்தான். இதற்கிடையில் அடுத்த வீட்டுக் கதவு எங்கே வருகிறது? உங்கள் ஊரில், உங்கள் தெருவில் நடப்பதை எழுதுங்கள். கிறிஸ்தவர்கள்தான் எழுத வேண்டும் என்றில்லை.

---

பனங்காட்டுப் பிள்ளை
டிசம்பர் 8, இரவு 10.02

ஐயரவாளுக்கு ஸ்தோத்திரம். நான் சாத்தான்குளம் பக்கம்.

எங்கள் ஆச்சி உலையில் அரிசி போடுவதற்கு முன் ஒரு பிடி எடுத்துக் கலயத்தில் போடுவாள். பிடியரிசி. வீட்டில் கஞ்சிக்கே இழுபறியாக இருந்த நாட்களிலும் அந்தப் பிடி தப்பாது. மாதம் ஒருமுறை சபைக் கோயிலுக்குப் போகும். ஆனால் எனக்கு நினைவில் நிற்பது இன்னொன்று. பின்வீட்டில் பனையேறி விழுந்த ஒருவர் படுக்கையில் கிடந்தார். அந்த மாதம் கலயம் கோயிலுக்குப் போகவில்லை, பின்வாசல் வழியாகப் போனது. சபை ஊழியரான உபதேசியார் வந்து கேட்டதற்கு, "ஆண்டவர் வீட்டுக்குத்தான் கொடுத்திருக்கேன்" என்றாள். அவரும் சரி என்று போய்விட்டார்.

நம் ஊர்களே அப்படி உண்டானவைதானே ஐயா. விசுவாசத்துக்காக அடி வாங்கி, வீட்டை இழந்து வந்தவர்களுக்காக நிலம் வாங்கிக் குடியேற்றிய ஊர் முதலூர், 1799இல். அப்புறம் மிஷனரி ரேனியஸ் ஐயர் காலத்தில் தர்ம சங்கம் ஏற்பட்டதும் இதே வேலைக்குத்தான், துரத்தப்பட்டவனுக்கு ஒதுங்க இடம். இன்று கிறிஸ்துமஸுக்கு முதலூரிலிருந்து மஸ்கோத் அல்வா வாங்கிக்கொண்டு போகிற பிள்ளைகளுக்கு இந்தக் கதையையும் யாராவது சொல்ல வேண்டும்.

---

கொக்கிரகுளம் வாசி
டிசம்பர் 9, காலை 6.45

நான் இந்து. எங்கள் தெருவில் பாதி வீடுகள் கிறிஸ்தவ வீடுகள். போதகர் ஐயா கேட்டதால் மனதில் இருப்பதைச் சொல்கிறேன், கோபித்துக்கொள்ள வேண்டாம்.

கிறிஸ்துமஸுக்கு எதிர்வீட்டிலிருந்து முந்திரிக்கொத்தும் அச்சுமுறுக்கும் வரும். அம்மா அந்தத் தட்டைச் சும்மா திருப்பிக் கொடுக்க மாட்டாள், ஒரு கை சீனியாவது போட்டுத்தான் கொடுப்பாள். தீபாவளிக்கு எங்கள் வீட்டிலிருந்து போகும், அவர்களும் அப்படியே. இதில் ஒரு குறையும் இல்லை.

கேரல் பவனிதான் சிரமம். இரவு ஒன்றரை மணிக்கு ஜெனரேட்டர், ஸ்பீக்கர், டிரம்ஸோடு வருகிறார்கள். அப்பாவுக்கு பைபாஸ் ஆகியிருக்கிறது. தூக்கம் கலைந்தால் மறுநாள் முழுக்க அவருக்குப் படபடப்பு. அந்தப் பிள்ளைகள் எல்லாம் எங்களுக்குத் தெரிந்த பிள்ளைகள், நல்ல பிள்ளைகள், அதனால் போய்ச் சொல்லவும் மனசு வரவில்லை. மார்கழி பிறந்தால் எங்கள் கோயில் ஸ்பீக்கரும் விடியற்காலையில் அலறத்தான் செய்கிறது. அங்கேயும் இதைச் சொல்லியிருக்கிறேன். இரண்டு பக்கமும் பிள்ளைகளுக்குப் பரீட்சை நடக்கிற மாதம் இது.

---

பாளை சேகரகுரு
டிசம்பர் 9, காலை 7.30

@கொக்கிரகுளம் வாசி: ஐயா, கோபம் எதற்கு? இதைத்தான் கேட்க ஆசைப்பட்டேன். இரவு 10 முதல் காலை 6 வரை ஒலிபெருக்கி கூடாது என்பது சட்டம். சட்டத்துக்காக மட்டும் அல்ல, உங்கள் அப்பாவுக்காகவே இதைச் சொல்ல வேண்டும். எங்கள் சேகரத்தில், அதாவது என் பொறுப்பில் இருக்கிற சபை வட்டாரத்தில், பத்து மணிக்கு மேல் ஸ்பீக்கர் கிடையாது, கிட்டாரும் வாயும்தான். முதலில் வாலிபர்களுக்கு முகம் வாடியது. இப்போது, மெதுவாகப் பாடும்போதுதான் பாட்டின் வார்த்தை கேட்கிறது என்று அவர்களே சொல்கிறார்கள். உங்கள் தெருவுக்கு வருகிற சபை எது என்று எனக்குத் தனியாக எழுதுங்கள். அந்தச் சபைப் போதகரான ஐயரிடம் நானே பேசுகிறேன். அப்பா பெயரைச் சொல்ல மாட்டேன்.

---

சென்னையிலிருந்து ஒரு மகள்
டிசம்பர் 9, மதியம் 1.15

ஐயா, அம்மா பெருமாள்புரத்தில் தனியாக இருக்கிறார். ரிட்டயர்டு டீச்சர், 78 வயது. நானும் தம்பியும் வெளியூர். அந்தத் தெருவில் பாதி வீடுகள் இதே மாதிரிதான். பெரிய வீடு, மாடியில் ஒரு ஸ்டார், உள்ளே ஒரே ஒரு ஆள்.

கேரல் குழு வருகிறது என்றால் அம்மா சாயங்காலமே குளித்து, நல்ல சேலை கட்டி, கவரில் காணிக்கை போட்டு, முன்னறையில் உட்கார்ந்துவிடுவார். நாற்காலி எல்லாம் எடுத்துப் போட்டு வைப்பார். அவர்கள் வந்து ஒரு பாட்டு, ஒரு ஜெபம், கிறிஸ்துமஸ் தாத்தா கைகொடுத்து ஒரு மிட்டாய், கவரை வாங்கிக்கொண்டு அடுத்த வீடு. அவர்களைக் குற்றம் சொல்லவில்லை, ஒரே இரவில் எத்தனையோ வீடு போக வேண்டும். மறுநாள் போனில் "யாருமே உக்காரல" என்று மட்டும் சொன்னார்.

அம்மாவுக்கு அரிசி வேண்டாம், சேலை வேண்டாம். சிலிண்டர் தீர்ந்தால் ரெகுலேட்டரைக் கழற்றி மாட்ட விரலில் பலம் இல்லை. சிலிண்டர் போடுகிறவர் வாசலில் வைத்துவிட்டுப் போய்விடுகிறார். போன மாதம் இரண்டு நாள் இண்டக்‌ஷன் அடுப்பிலேயே சமாளித்திருக்கிறார், எங்களிடம் சொல்லவில்லை. ஒரு பத்து நிமிடம் யாராவது உட்கார்ந்து, அவர் சொல்கிற பழைய பள்ளிக்கூடக் கதையைக் கேட்டால் போதும்.

---

கீழத்தெரு
டிசம்பர் 9, இரவு 8.50

பேசாமல் போகலாம் என்று நினைத்தேன், முடியவில்லை.

எங்கள் ஊரில் ஒரே சபை, இரண்டு தெரு. பவனி மேலத்தெருவில் வீடு வீடாக நின்று பாடும். எங்கள் தெருவுக்கு வந்தால் முக்கில் நின்று இரண்டு பாட்டு, மொத்தத் தெருவுக்கும் ஒரே ஜெபம். எங்கள் அம்மா வருஷா வருஷம் சுக்குக்காப்பி போட்டு வைப்பாள். நேரமாச்சு என்பார்கள். மேலத்தெருவில் காப்பி குடிக்க நேரம் இருந்தது. நான் பாடகர் குழுவில் பாடினவன், எனக்குத் தெரியும்.

வடக்கன்குளம் கோயிலுக்குள் சாதி பிரித்துக் கட்டிய சுவரை 1910லேயே இடித்துவிட்டார்கள் என்று படித்திருக்கிறேன். அது வேறு சபை, சரி. அந்தச் சுவர் கண்ணுக்குத் தெரிந்ததால் இடிக்க முடிந்தது. பவனி போகிற பாதையில் இருப்பதை யார் இடிப்பது? அடுத்த வீட்டுக்காரனிடம் அன்பாக இரு என்று பிரசங்கம் கேட்கும்போதெல்லாம், அடுத்த தெருக்காரன் அந்தக் கணக்கில் உண்டா என்று கேட்கத் தோன்றுகிறது.

---

பாளை சேகரகுரு
டிசம்பர் 9, இரவு 11.20

@கீழத்தெரு: தம்பி, இதற்கு நான் சமாதானம் சொல்ல மாட்டேன். சாக்குச் சொல்வது உங்கள் அம்மாவுக்குச் செய்கிற இரண்டாவது அவமானமாகிவிடும்.

வேதத்தில் ஒரு நியாயசாஸ்திரி, எனக்குப் பிறன், அதாவது அயலான், யார் என்று கேட்டபோது ஆண்டவர் சொன்ன கதையில், கள்ளர் கையில் அடிபட்டு வழியில் கிடப்பவனைப் பார்த்தும் குரு விலகிப் போகிறான், ஆலய ஊழியம் செய்கிற லேவியன் விலகிப் போகிறான். காயம் கட்டியவன் சமாரியன், அந்தக் காலத்து யூதன் சேர்ந்து சாப்பிட நினைக்காத இனம். கதையை முடித்துவிட்டு ஆண்டவர் கேள்வியை மாற்றிக் கேட்கிறார்: இந்த மூன்று பேரில் அடிபட்டவனுக்குப் பிறனாக இருந்தவன் யார்? நியாயசாஸ்திரி 'சமாரியன்' என்கிற பெயரைக்கூடச் சொல்லாமல், இரக்கம் செய்தவன் என்று பதில் சொல்கிறான். இந்தக் கதையை நாம் ஞாயிறு பள்ளியில் நாடகமாகப் போட்டுப் போட்டு, அதில் இருக்கிற சூட்டை ஆற்றிவிட்டோம்.

நான் முன்பிருந்த ஒரு கிராம சேகரத்தில் நடந்ததைச் சொல்கிறேன், ஊர் பெயர் வேண்டாம். அங்கேயும் இதே வழக்கம். பவனிப் பாதையைக் கமிட்டி முடிவு செய்வதை நிறுத்தி, ஞாயிறு அறிவிப்பில் நானே வாசித்தேன். முதல் தெரு கடைசித் தெருவாகவும், கடைசித் தெரு முதல் தெருவாகவும் ஆனது. முதல் வீட்டில் இரவுச் சாப்பாடு, குழு முழுவதும் உட்கார்ந்து. ஐயரம்மாவும், அதாவது என் மனைவியும், பிள்ளைகளும் என்னோடு பந்தியில் இருந்தார்கள். இலை போட்டுச் சோறும் கறிக்குழம்பும் வைத்தார்கள். நான்கைந்து பேர் வரவில்லை. வராதவர்களில் இரண்டு பேர், எங்கள் வீட்டுக்குப் பவனியே வேண்டாம் என்று ஆள் சொல்லி அனுப்பினார்கள். அவர்கள் வாசலிலும் போய் நின்று பாடினோம். ஒரு வீட்டில் கதவு திறந்தது, ஒரு வீட்டில் திறக்கவில்லை. பேராயர் அலுவலகத்துக்குப் புகார் போயிற்று. போகட்டும்.

அடுத்த வருஷம் அதே வழி. அதற்கடுத்த வருஷம் நான் மாற்றலாகிவிட்டேன், ஆனால் பாதை மாறவில்லை என்று கோயில் வேலைகளைப் பார்க்கிற குட்டியார் போனில் சொன்னார்.

உங்கள் ஊர் ஐயரிடம் இதைக் கொண்டுபோங்கள். அவர் தயங்கினால் எனக்கு எழுதுங்கள், நான் வருகிறேன். அந்தச் சுக்குக்காப்பியை இந்த வருஷம் நான் குடிக்க வேண்டும்.

---

பகுத்தறிவு வாசகன்
டிசம்பர் 10, காலை 10.05

ஐயா, மரியாதையாகவே கேட்கிறேன். அதே 2023 வெள்ளத்தில் செந்தூர் எக்ஸ்பிரஸ் ஸ்ரீவைகுண்டத்தில் நின்றுபோனது. தண்டவாளத்துக்கு அடியில் ஜல்லி அரித்துப் போய், சுமார் 800 பயணிகள் மாட்டிக்கொண்டார்கள். அவர்களுக்குச் சோறு போட்டது பக்கத்துப் புதுக்குடி ஊர்க்காரர்கள். அவர்கள் ஊரும் தண்ணீரில்தான் இருந்தது. வீட்டில் இருந்த அரிசி பருப்பைக் கொண்டுவந்து அம்மன் கோயிலில் வைத்துச் சமைத்தார்கள். ரயிலில் இருந்தவன் என்ன சாதி, என்ன மதம் என்று யாரும் கேட்கவில்லை. அவர்கள் அட்வெந்து அனுசரித்தவர்கள் இல்லை. அப்படியென்றால் இரக்கத்துக்கு விசுவாசம் எதற்கு?

---

பாளை சேகரகுரு
டிசம்பர் 10, மதியம் 2.40

@பகுத்தறிவு வாசகன்: நல்ல கேள்வி. புதுக்குடி மக்களுக்கு என் மதத்தின் பெயரைச் சூட்ட நான் நினைக்கவில்லை. அவர்கள் செய்தது அவர்களுடையது. ஆண்டவர் கதையில் சமாரியனும் மதம் மாறவில்லை.

என் வரைக்கும் பதில் இதுதான். இரக்கம் சில நேரம் தானாக வரும். தண்ணீர் ஏறும்போது, ரயில் நிற்கும்போது எல்லாருக்கும் வரும். ஆனால் எதிரே இருப்பவன் நன்றி கெட்டவனாக, வாய்த்துடுக்குக்காரனாக, எனக்கு எதிராகக் கேஸ் போட்டவனாக இருக்கும்போது எனக்கு அது வருவதில்லை. அந்த இடத்தில் என்னைக் கதவைத் தட்ட வைப்பது என் விசுவாசம். வரப்போகிறவர் அந்த வீட்டிலும் இருந்து என்னைப் பார்ப்பார் என்று நம்புகிறேன். பசியாயிருந்தேன், அந்நியனாயிருந்தேன் என்று அவர் சொன்னதை நான் அப்படியே எடுத்துக்கொள்கிறவன். இது இல்லாமலே ஒருவரால் அந்தக் கதவைத் தட்ட முடிகிறது என்றால் அவருக்கு என் வணக்கம். அவரிடம் கற்றுக்கொள்ள எனக்கு வெட்கம் இல்லை.

---

மேலப்பாளையம் நெசவு வீடு
டிசம்பர் 10, மாலை 5.55

அஸ்ஸலாமு அலைக்கும். இந்த இழையைக் கிறிஸ்தவ நண்பர் அனுப்பினார்.

அண்டை வீட்டார் பசித்திருக்க நீ வயிறு நிறைய உண்ணாதே என்பது எங்களுக்கும் கட்டளைதான். நோன்புக் கஞ்சி தூக்குவாளியில் நண்பர் வீட்டுக்குப் போகும். கிறிஸ்துமஸுக்கு அவர்கள் வீட்டுக் கேக் வரும். கொடுக்கும்போதே அந்த அக்கா, "பாய், இதுல ஒயின் கிடையாது, உங்களுக்குன்னு தனியா வேக வச்சேன்" என்பார். கோழிக்கறி செய்தால் நம்ம ஹலால் கடையில் வாங்கியதா என்று நாங்கள் கேட்கும் முன்பே சொல்லிவிடுவார். எங்கள் வாப்பா இதைப் பெரிதாகச் சொல்வார். தனக்குப் பிடித்ததைக் கொடுத்தார் என்பதற்காக அல்ல, நமக்கு எது ஆகும், எது ஆகாது என்று தெரிந்துவைத்திருக்கிறாரே என்பதற்காக.

கொடுக்க மட்டும் தெரிந்து, வாங்கத் தெரியாதவர்களும் உண்டு. கஞ்சியைக் கொண்டுபோனால் "எதுக்கு சிரமம்" என்று வாசலிலேயே திருப்பி அனுப்புவார்கள். அது மனசுக்கு வலிக்கும். இதையும் பிரசங்கத்தில் சேர்த்துச் சொல்லுங்கள் ஐயா.

---

பாளை சேகரகுரு
டிசம்பர் 10, இரவு 7.10

வ அலைக்குமுஸ்ஸலாம் பாய். வருகிற ஞாயிறே சொல்கிறேன். ஆண்டவரே கிணற்றடியில் ஒரு சமாரியப் பெண்ணிடம் தாகத்துக்குத் தண்ணீர் கேட்டவர்தான்.

---

சைட் இன்ஜினீயர்
டிசம்பர் 11, இரவு 9.30

என் வேலை கட்டடம். சைட்டில் தகர ஷெட்டில் இருபது பேர் போலத் தங்கியிருக்கிறார்கள், ஜார்க்கண்ட், ஒடிசா பிள்ளைகள். மழைக்கு ஷெட் ஒழுகுகிறது. பக்கத்திலேயே கிறிஸ்தவக் கோயில். ஊரில் எல்லாரும் 'இந்திக்காரங்க' என்று ஒதுங்கிப் போவார்கள். போன டிசம்பரில் கோயிலில் கேரல் பழகுகிற சத்தம் கேட்டு மூன்று பேர் மதிலோரம் வந்து நின்றார்கள். காவலுக்கு இருந்தவர் முதலில் விரட்டப் பார்த்தார். விசாரித்தால் மூன்று பேரும் கிறிஸ்தவர்கள், அவர்கள் ஊரில் லுத்தரன் சபையாம். அதே மெட்டில், அவர்கள் பக்கத்துச் சாத்ரி மொழியில் பாடிக் காட்டினார்கள். பாடகர் குழுத் தலைவர் உள்ளே கூப்பிட்டு பேஸ் வரிசையில் நிறுத்திவிட்டார்.

மற்றவர்கள் கிறிஸ்தவர்கள் இல்லை. அவர்களுக்கு என்ன செய்யலாம் என்று கேட்டபோது சபையார் போர்வை என்றார்கள். அவர்களிடமே கேட்டேன். தார்ப்பாய் வேண்டும், போன் சார்ஜ் போட ஒரு இடம் வேண்டும் என்றார்கள். ஷெட்டை காண்ட்ராக்டரே சரி செய்ய வேண்டும். அதை நான் பேசி வாங்கினேன். சார்ஜுக்கு ஞாயிறு பள்ளிக் கட்டடத்தைத் திறந்துவிட்டார்கள்.

---

பனங்காட்டுப் பிள்ளை
டிசம்பர் 12, காலை 8.15

கேட்டுவிட்டுக் கொடுப்பது, இது நல்ல காரியம். ஐயரவாள், இத்தனை பேர் எழுதிவிட்டார்கள். உங்கள் சேகரத்தில் இந்த வருஷம் என்ன செய்யப் போகிறீர்கள்?

---

பாளை சேகரகுரு
டிசம்பர் 12, இரவு 8.40

சபை மன்றத்தில் பேசிவிட்டேன். சுருக்கமாகச் சொல்கிறேன்.

பவனியை ஒரே இரவில் முடிக்காமல் நான்கு இரவாகப் பிரித்திருக்கிறோம். தனியாக இருக்கிற பெரியவர்கள் வீட்டுக்கு இரவில் பவனி கிடையாது. மாலை 5 மணிக்கு நான்கு பேர் மட்டும் போய் உட்கார வேண்டும், அரை மணி நேரமாவது. போகிறவர்களில் ஒருவருக்குச் சிலிண்டர் மாட்டவும் பல்பு மாற்றவும் தெரிந்திருக்க வேண்டும். காணிக்கைக் கவர் அன்று வாங்கக் கூடாது. கொடுக்கிற பைகளில் சபைப் பெயர் அச்சடிக்கவில்லை. அச்சுக்கு ஒதுக்கிய பணத்தில் தார்ப்பாய் வாங்கலாம் என்று பெண்கள் ஐக்கிய சங்கத்தார் சொன்னார்கள், @சைட் இன்ஜினீயர் எழுதியதை வாசித்துக் காட்டிய பிறகு.

@சென்னையிலிருந்து ஒரு மகள்: அம்மா எந்தச் சபை என்றாலும் பரவாயில்லை. முகவரியைத் தனிச் செய்தியில் அனுப்புங்கள். அம்மாவிடம் முதலில் சம்மதம் கேட்டுவிடுங்கள்.

---

சென்னையிலிருந்து ஒரு மகள்
டிசம்பர் 12, இரவு 9.25

கேட்டுவிட்டேன் ஐயா. பக்கத்துச் சேகரம்தான். வரச் சொல்கிறார். எத்தனை பேர் என்று சரியாகச் சொல்ல வேண்டுமாம், வடை சுட வேண்டுமே என்கிறார். வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. பாய் எழுதியதை வாசித்துவிட்டேன்.

---

கீழத்தெரு
டிசம்பர் 13, காலை 7.05

எங்கள் ஐயரிடம் நேற்றுப் பேசினேன். உடனே பதில் சொல்லவில்லை. இந்த இழையைக் கேட்டார், அனுப்பியிருக்கிறேன். பவனி 20ஆம் தேதி. நீங்கள் வருவதாக அம்மாவிடம் சொல்லிவிட்டேன், போதகர் ஐயா. நெல்லையிலிருந்து கடைசி பஸ் ஏழரைக்கு. திரும்பிப் போக வண்டி நான் ஏற்பாடு செய்கிறேன்.